இரண்டு பக்கத்துக்கு மிகாமல்

துறையின் வரலாறு வேண்டுமாம்,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல்,
வெள்ளிக்கிழமைக்குள்.
டீனின் கடிதத்தில் 'மூடல்' என்ற சொல் எங்கும் இல்லை.
'மறுசீரமைப்பு' மூன்று இடத்தில் இருக்கிறது.

எழுதுகிறேன்.

முதல் பலகையில் ரஷ்ய மொழிப் பிரிவு.
பிறகு ஸ்லாவிய மொழிகள் துறை.
பிறகு இலக்கியமும் ஸ்லாவிய மொழிகளும்.
எந்த 'உம்' முன்னால் வருவதென்று
ஏழு மாதம் கூட்டம் நடந்திருக்கிறது;
குறிப்பேட்டில்
நாற்காலி ஒன்று உடைந்த செலவும் உண்டு.

தொடங்கியவர் ஓலெக்சா ஹவ்ரிலுக்.
லிவீவில் வாங்கிய பட்டத்தை இங்கே யாரும் நம்பாததால்
சஸ்காட்சுவானில் தானியக் கிடங்கொன்றில்
ஆறு வருடம் மூட்டைக் கணக்கு பார்த்தவர்.
முதல் மாணவர்கள் பதினேழு பேர், விமானப்படை.
காதில் கருவி மாட்டி
துருவத்துக்கு அந்தப் பக்கம் பேசுவதை
எழுதியெடுக்க வேண்டியவர்கள்.
கேட்கக் கற்றால் போதும், பேச வேண்டாம்
என்பது உத்தரவு.
ஹவ்ரிலுக் அவர்களுக்குத் தாலாட்டு மனப்பாடம் செய்வித்தார்.
நான்காம் வருடம் ஒருவன் திரும்பி வந்தான்.
"நேற்றிரவு எவனோ ஒரு விமானி
அந்தப் பாட்டை முனகினான் ஐயா."
"அறிக்கையில் எழுதினாயா?"
"இரைச்சல் என்று எழுதினேன்."

பராஸ்கா ஜுமாகா, விதவை,
கைநாட்டு வைத்து எழுதிக் கொடுத்தது
நூற்றறுபது ஏக்கர் கோதுமை நிலம்.
ஒரே நிபந்தனை:
வருடம் ஒருவராவது
உக்ரேனியம் முதலாம் வகுப்பில் உட்கார வேண்டும்.
உட்காராத வருடம்
நிலம் மாட்டுச் சந்தைக் கழகத்துக்குப் போகும்.

அறுபத்தெட்டு ஆகஸ்டுக்குப் பிறகு
செக் கற்பித்த மிலாடாவும்
ரஷ்யம் கற்பித்த க்சேனியாவும்
ஒரே கெட்டிலில் வெந்நீர் வைக்கவில்லை.
க்சேனியாவும் அகதிதான்,
யார் தெருவிலும் டாங்கி ஓட்டியவர் அல்ல.
அது மிலாடாவுக்கும் தெரியும்.
இரண்டாவது கெட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது.
இந்தப் பத்தியை டீன் வெட்டிவிடுவார்.

தொண்ணூறுகளில் நாடுகள் பெருகின,
மாணவர்கள் குறைந்தார்கள்.
ஒரே மொழிக்கு நான்கு பெயர் வந்தது,
நான்கு படிவம் அச்சடித்தோம்.
ஒரு பையன் நான்கையும் நிரப்பிவிட்டு
தேர்வை ஒரு தரம் எழுதினால் போதுமா என்றான்.
அவனுக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

நான் வந்தது அதற்கப்புறம், ஸ்லொவீனியம் கற்பிக்க.
எங்கள் மொழியில்
ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை உண்டு,
இருவருக்கென்றே ஒரு வினைமுற்று.
பதின்மூன்று வருடமாகத்
துறைக் கூட்டம் அதில்தான் நடக்கிறது:
நானும், அலுவலக எழுத்தர் ஐரீன் டன்வூடியும்.

ஐரீனைப் பற்றி ஆவணத்தில் இருப்பது:
உக்ரேனியம் முதலாம் வகுப்பு,
பதினோரு முறை தோல்வி.
ஆவணத்தில் இல்லாதது:
விடைத்தாள்களைத் திருத்தியவன் நான்.
எல்லா வேற்றுமையும் சரியாக எழுதியிருப்பார்,
பிறகு பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்திருப்பார்.
பக்கம் மாறியும் கோடு கோணாது.
தேறினவர் அதே வகுப்பில்
மறுபடி உட்கார முடியாதே.
வெளியே முப்பது பாகை உறைபனிக்கடியில்
ஜுமாகாவின் வயல் கிடந்தது.

முப்பது வருடமாக எங்களை மூடிக்கொண்டே இருந்தார்கள்.
மூடிவிட்டார்கள் என்பது வேறு வினை.
ஸ்லாவிய மொழிகளில் இதற்கு
முதலாம் வருடமே மதிப்பெண் போகும்.

இரண்டாம் பக்கம் முடிகிறது.
எதிர் மேசையில்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ஐரீன் அடுத்த செப்டம்பருக்கான படிவத்தை நிரப்புகிறார்.
ஏழாம் கேள்வி:
இம்மொழியில் முன்னறிவு உண்டா?
இல்லை, என்ற கட்டத்தில்
குறி போடுகிறார்.